பிரிவு பதினான்கு, உட்பிரிவு ஈ

வரைவுச் சட்டம் அறுபத்தெட்டுப் பக்கம்.
மெஹ்ருன்னிசா டீச்சர் கூத்தாநல்லூரில் ஜெராக்ஸ் போட்டு வந்தார்.
கருத்துச் சொல்ல முப்பது நாள்;
செய்தி எங்களுக்கு வரும்போதே பதினொன்று போயிருந்தது.
கடைமடைக்கு எதுவும் அப்படித்தான் வரும்.

நான் ஆற்று லஸ்கர். ரெகுலேட்டரில் ஷட்டர் தூக்குகிறவன்.
எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான்.
பிரம்பு கூடாது: சரி.
கட்டணத்தை வாசலில் எழுதிப் போடவேண்டும்: சரி.
மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாம்.
"இப்பவும் நாங்கதான் பாதி,
கையெழுத்துக்கு" என்றாள் என் மனைவி
மீன் செதிலைத் தட்டிக்கொண்டே.

பிறகு இது வந்தது:
மாணவர் எண்ணிக்கை பத்துக்குக் குறைவாயின்
ஒரு கிலோமீட்டருக்குள் அமைந்த
அண்மைப் பள்ளியுடன் இணைக்கப்படலாம்.

எங்கள் பள்ளியில் ஏழு பேர்.
அண்மைப் பள்ளி பாண்டவையாற்றுக்கு அக்கரையில்.

சட்டம் வருமுன்னே பட்டியலுக்கு ஆள் வந்துவிட்டார், மே மாதம்.
ஆறு முழுக்க மணல்.
பையன்கள் நடு ஆற்றில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்டம்பு ஓரமாக நடந்தார், அக்கரை ஏறினார்,
ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினார்.
செல்போன் சொன்னது: அறுநூற்று நாற்பது மீட்டர்.
பொய்யில்லை. மறுநாள் நானும் எட்டி வைத்துப் பார்த்தேன்.

ஆனால் ஜூனில் மேட்டூர் திறக்கும்.
கல்லணை வந்து, கிளைகிளையாகப் பிரிந்து
எங்களிடம் வந்து சேரும் முன் பாதித் தண்ணீரை
மண்ணே குடித்துவிடும்.
மீதிக்கு உத்தரவு வரும். நான் சக்கரம் சுற்றுவேன்.
பழுப்பு நுரை, ஒற்றைச் செருப்பு, வாழைமட்டை,
பின்னால் ஆறு.
பெண்கள் நெல்லும் பூவும் தூவுவார்கள்,
நானும் கும்பிடுவேன்.
அன்றைக்கு அறுநூற்று நாற்பது மீட்டர்
ரெகுலேட்டர் பாலம் சுற்றி
நாலாயிரத்து அறுநூறு ஆகும்.

அதாவது ஐயா,
அந்தத் தூரத்தை நீட்டுகிறவன் நான்தான்.
அரசாங்கச் சம்பளத்தில்.

டீச்சரிடம் கேட்டேன், எதிர்த்து எழுதலாமா என்று.
அவர் உடனே பதில் சொல்லவில்லை.
அங்கே ஐந்து டீச்சர்கள், இங்கே அவர் ஒருவர்.
ஒன்றாம் வகுப்புக்கு அ சொல்லும்போது
ஐந்தாம் வகுப்பு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
"பிள்ளைங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் நல்லதுதான்" என்றார்,
"பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்."

மறுபடி முதலிலிருந்து படித்தோம்.
பிரிவு இரண்டில் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது.
பள்ளி என்பது இன்னது. குழந்தை என்பது இன்னார்.
பெற்றோர் என்பதற்கு ஒன்பது வரி.
தூரம் என்பதற்கு ஒன்றுமில்லை.

நீர்மட்டப் பதிவேட்டின் பின்னட்டையில் எழுதினேன்:
தூறம் என்பது, ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில்
ஆறு வயதுப் பிள்ளை
பையோடு நடக்கிற தூறம்.
டீச்சர் றகரத்தை அடித்து ரகரம் போட்டார்,
இரண்டு இடத்திலும்.
மற்றதைத் தொடவில்லை.
கீழே என் பெயர், பக்கிரிசாமி. லஸ்கர் என்று போடலாமா என்றேன்.
போடச் சொன்னார். பெற்றோர் என்றும்.
மூன்றாம் வகுப்பு அஞ்சுகம் என் மகள்தான்.

பதிவுத் தபாலில் போனது.
ரசீதைக் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இன்று முப்பதாம் நாள்.
ராத்திரி பத்தரைக்கு உத்தரவு: ஓரடி தூக்கு.
முதலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.
டார்ச் வெளிச்சத்தில் ஆற்றுக்குள் இறங்கி
ஸ்டம்பு மூன்றையும் பிடுங்கிக் கரையில் வைத்தேன்.
மணல் இன்னும் சூடாக இருந்தது.
திரும்பி வந்து சக்கரத்தில் கை வைத்தேன்.
நாற்பது சுற்று.