முதல் பட்டதாரி

மஞ்சக்குப்பம் இ-சேவை மையத்தில்
மின்விசிறிக்குக் கீழே இடமில்லை.
டோக்கன் நாற்பத்தொன்று.
"இனிஷியல்?"
அ.
"அப்பா பேரு?"
அப்பா இல்லீங்க, அ-ன்னா அரசு.
விரல்கள் விசைப்பலகையில் நின்றன.
என்னைப் பார்த்தார், பிறகு
எனக்குப் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தார்.

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் கிடைத்ததால்
பாடலி என்று பெயர்.
அன்றைக்குப் பணியில் இருந்தவர்
தமிழ் படித்தவர் போல.
வேறொருவராக இருந்திருந்தால்
ஜங்ஷன் என்றே எழுதியிருப்பார்.

பல்லைப் பார்த்து டாக்டர் வயசு சொன்னார்.
எங்கள் இல்லத்தில் பதினொரு பேருக்கு
ஜூன் ஒன்று பிறந்தநாள்.
கேக் ஒன்று, கத்தி ஒன்று, பதினொரு கை.
இந்த ஜூன் ஒன்றில் எனக்குப் பதினெட்டு.
அன்றைக்கே கட்டிலைக் காலி செய்ய வேண்டும்.
இன்னும் பத்தொன்பது நாள்.

முதல் பட்டதாரிச் சான்று இருந்தால்
கட்டணம் குறையும் என்றார்கள்.
கிராம நிர்வாக அலுவலர் நல்லவர்,
உட்காரச் சொல்லித்தான் கேட்டார்:
உன் குடும்பத்தில் இதுவரை
யாரும் பட்டம் வாங்கவில்லை
என்பதற்கு என்னம்மா ஆதாரம்?

நியாயம்தான்.

அவள் விலங்கியல் படித்திருக்கலாம்.
தவளையைக் கீறிய அதே கைதான்
என்னைத் துண்டில் சுற்றியிருக்கும்.
ரயிலேறும்போது கைப்பையில்
நாலாக மடித்த பட்டம் இருந்திருக்கலாம்.
அன்றிலிருந்து டவுன் பஸ்ஸில்
கண்ணாடி போட்ட பெண் யாராவது
பேப்பர் படித்துக்கொண்டு வந்தால்
அவள் காதைப் பார்க்கிறேன்.
என் காது மடல் ஒட்டின மடல்.

அம்மா,
இத்தனை வருஷத்தில் உன்னிடம்
ஒன்றும் கேட்டதில்லை.
இப்போது கேட்கிறேன்:
நீ படிக்காமல் இருந்திரு.
பத்தாவது ஃபெயில், போதும்.
அவரும் அப்படியே.

புளோரா எனக்கு இரண்டு வருஷம் முன்னால் வெளியேறியவள்.
பி.காம். முதல் வருஷம்.
தீபாவளிக்கு விடுதியைப் பூட்டினார்கள்,
"எல்லாரும் ஊருக்குப் போங்க" என்று
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே.
மூன்று ராத்திரி அவள்
கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்
பஸ்ஸிலேயே தூங்கினாள்.
ரெட்டிச்சாவடி வந்தால் விழிப்பு வந்துவிடுமாம்.
பொங்கலுக்கு அப்புறம் அவள் வகுப்புக்குப் போகவில்லை.
இப்போது துறைமுகத்துக் கொட்டகையில் இறால் உரிக்கிறாள்.
"படிப்பு கஷ்டமில்லடி,
லீவுதான் கஷ்டம்"
என்று சொல்லும்போது
நகக்கண்ணை ஊதிக்கொள்வாள்.

நிரந்தர முகவரி என்ற இடத்தில்
அவளுடைய முதுநகர் அறையை எழுதினேன்.
பதினொரு மாத ஒப்பந்தம்,
அதில் நாலு மாதம் போய்விட்டது.

"அப்பா பேரைக் காலியா விட்டா
அடுத்த பக்கம் போக மாட்டேங்குது பாப்பா."
ஏதாவது போடவா என்றார்.
வேண்டாம் என்றேன்.
யோசித்து, ஒரு புள்ளி வைத்தார்.
போனது.
புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகும் என்று
எட்டாம் வகுப்பில் படித்தது
காரணமில்லாமல் ஞாபகம் வந்தது.

அறுபது ரூபாய்.
ரசீதில்: பரிசீலனையில் உள்ளது.
நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வரும்போது
கதவோரம் ஒரு நகைக்கடைக் காலண்டர்.
வகுப்பு தொடங்கும் தேதியைப்
பார்த்திருக்கலாம்.
தாள்களைத் தூக்கி,
தீபாவளி என்ன கிழமை என்று பார்த்தேன்.
வியாழன்.
அப்படியென்றால் வெள்ளி, சனி, ஞாயிறும் சேர்ந்துவரும்.