வெட்டிய வரி

லாகோஸில், சுருலேரேயில், அவள் வீட்டு மாடிக்கு
முப்பத்தோரு படிகள்.
இருபதாவது படியிலேயே கேட்டுவிடும்
யாருடைய வசனமோ அடிவாங்கும் சத்தம்.

வியாழன்தோறும் நாங்கள் ஆறு பேர்.
வங்கிக் காசாளன் டிமிப்ரே,
பிரசவ வார்டில் பகல் வேலை முடிந்து
சீருடையோடே வந்துவிடும் அஃபியோங்.
இன்னும் மூவரின் பெயர்களை
இப்போது சுவரொட்டிகளில் பார்க்கலாம்.
என் பெயரைப் பார்க்க முடியாது.
அதற்குத்தான் வருகிறேன்.

எபியெரே எழுதியவை எழுபத்து மூன்று படங்கள்.
வீடியோ கேசட் காலத்தில் தொடங்கியவள்.
திங்களன்று தயாரிப்பாளர் வருவார்:
"வெள்ளிக்குள் கதை வேண்டும்,
ஒரு சாவும் ஒரு கல்யாணமும் இருக்கட்டும்."
கேசட் அட்டையில் அவர் பெயர் நான்கு இடத்தில்.
அவள் பெயர் சில சமயம் எழுத்துப்பிழையோடு,
பல சமயம் பிழையே இல்லாமல்,
ஏனென்றால் பெயரே இல்லை.
ஒரு படத்துக்குக் கூலியாக
குளிர்சாதனப் பெட்டி கொடுத்தார்கள்.
"கரண்ட் இல்லாத ஊரில் எனக்கோர் அலமாரி" என்று
எங்கள் பிரதிகளை அதில்தான் அடுக்கினாள்.
வெங்காய வாசனையோடு திரும்பி வரும்
எங்கள் காவியங்கள்.

பாடம் என்று எதையும் நடத்தியதில்லை.
கேட்பாள்: "வாசலில் நிற்கிறானே, இவன் கையில் என்ன?"
"ஒன்றுமில்லை."
"பிறகு எதற்கு நிற்கிறான்? போகச் சொல்."
மின்சாரம் போனாலும் நிறுத்த விடமாட்டாள்.
பக்கத்து ஜெனரேட்டரின் இரைச்சலுக்கு மேலே
இருட்டில், மனப்பாடமாய், சொல்ல வேண்டும்.
மறந்துபோன வரி
மறக்கப்பட வேண்டிய வரி.

தேடி வந்த தயாரிப்பாளர்களிடம்
"எனக்கு வயிற்றுவலி, இவளிடம் கேளுங்கள்" என்பாள்.
அந்த வருடம் அவளுக்கு
ஐந்து முறை வயிற்றுவலி வந்தது.
ஐந்து பேருக்கு முன்பணம் வந்தது.
ஆறாவது வலிக்காக நான் காத்திருந்தேன்.

அப்படி ஓர் இருட்டில்தான்
நான் மறக்காமல் சொன்ன வரியை வெட்டச் சொன்னாள்.
ஓடிப்போன கணவன் திரும்பி வருகிறான்.
உள்ளேயிருந்து மனைவியின் குரல்:
"தட்டாதே. கதவு திறந்துதான் இருக்கிறது.
உன்னை மன்னிக்க என்னால் எழுந்து வர முடியாது."
"நன்றாய் இருக்கிறது" என்றாள்.
"ஆனால் இந்தப் பெண்ணுக்கு இது தெரியாது.
உனக்குத்தான் தெரியும்."
வெட்டினேன்.
அளவுகோல் வைத்து, நேராக.

நான்கு வருடம் கழித்து, யாபாவில் ஒரு திரையரங்கு.
அவளுடைய அறுபத்தெட்டாவது படம்.
மீன் வற்றல் விற்கும் பெண்ணொருத்தி
முகத்தைத் திருப்பாமலே சொல்கிறாள், தட்டாதே.
செதிலை உரித்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்கிறாள்.
அவளுக்குத் தெரிந்திருந்தது,
அதுதான் கொடுமை.
அரங்கம் மூச்சை நிறுத்தியது.
பக்கத்து இருக்கைக்காரர் அழுதார்.
என் வரிக்கு அழுதவருக்கு
என் கைக்குட்டையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏழு வருடம் அந்தப் படிகளில் ஏறவில்லை.
காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து அறிக்கை எழுதினேன்.
"லாரி வலப்புறம் திரும்பியது. மழை இல்லை."
அவள் பார்த்திருந்தால்
ஒரு சொல்லைக்கூட வெட்டியிருக்க மாட்டாள்.
அந்த நினைப்பு
ஒவ்வோர் அறிக்கையிலும் வந்து உட்கார்ந்தது,
அழைக்காமல்.

அஃபியோங்தான் தொலைபேசியில் சொன்னாள்:
முழங்கால் இரண்டும் போய்விட்டன,
வியாழன் மட்டும் நிற்கவில்லை, புதிதாய் ஒன்பது பேர்.

ஒரு செவ்வாயன்று போனேன். தட்டினேன்.
கதவு பூட்டியிருந்தது.
உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஊன்றுகோல்.
பிறகு வெகுநேரம் எதுவுமில்லை.
பிறகு ஊன்றுகோல்.
பத்தடி அறையைக் கடக்க
ஒரு முழுக் காட்சியை எடுத்துக்கொண்டு
அவள் எழுந்து வந்தாள்.

அந்த வரியைப் பற்றி அவள் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள்,
என் விரல்களைப் பார்த்தாள்.
"வாசலில் நிற்கிறாயே,
கையில் ஒன்றுமில்லையே" என்றாள்.

போகச் சொல்லவில்லை.