எதிரி நான்கு

கிருஷ்ணகிரி அமர்வு நீதிமன்றத்தில்
எதிரி என்றால் பகைவன் இல்லை.
கூண்டில் நிற்பவர். அவ்வளவுதான்.
பதினாறு வருடமாய் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறேன்,
யார்மீதும் கோபமில்லாமல்.

எதிரி ஒன்று, லாரி ஓட்டுநர்.
எதிரி இரண்டு, இரவுக் காவலாளி.
எதிரி மூன்று, மேஸ்திரி.
மாங்கூழ் ஆலையின் கொதிகலனுக்குப் பின்னால்
கூலிபாக்கி கேட்ட நஞ்சப்பனை அடித்துக் கொன்றது
இந்த மூவரே என்கிறது குற்றப்பத்திரிகை,
நூற்றுப் பதினான்கு பக்கம்,
பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம்.

ஆலைக்காரர் கோவர்த்தனன் அதில் இல்லை.
அவர் பின்பெஞ்சில் இருந்தார்.
வாய்தா தவறாமல் வருவார்.
மடிப்புக் கலையாத சட்டை.
மின்விசிறிக்கு நேர்கீழே ஓரிடம்,
டபேதாரே துடைத்து வைப்பார்.

ஏழாம் சாட்சி சென்னம்மா,
இறந்தவனின் தங்கை, கொட்டை நீக்கும் பிரிவு.
வேப்பனப்பள்ளித் தெலுங்கு வாடையடிக்கும் தமிழ்.
மாம்பால் சுட்டுக் கறுத்த கைகள்.
அடித்தவர்களைக் காட்டச் சொன்னார் அரசு வக்கீல்.
காட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.
விரல் மடங்கவில்லை.
கூண்டுக் கம்பியைத் தாண்டி
வக்கீல்களின் மேசையைத் தாண்டி
மின்விசிறிக்குக் கீழே போய் நின்றது.

"கம்பி எடுத்துக் குடுத்தது அவரு.
நான் பாத்துக்கறேன்னு சொன்னதும் அவரு.
போலீசுல சொன்னேன். எழுதிக்கல."

எழுதிக்கல என்பதையும் எழுதினேன்.

பிறகு மனு, எதிருரை, வாதம்.
பழைய சட்டத்தில் முந்நூற்றுப் பத்தொன்பது,
புதியதில் முந்நூற்று ஐம்பத்தெட்டு;
மூத்த வக்கீல்களின் நாக்கு
இன்னும் பழைய எண்ணிலேயே குடியிருக்கிறது.
போலீஸ் விட்டவரைக் கோர்ட் கூப்பிடலாம்.
வெறும் சந்தேகம் போதாது,
தண்டிக்கிற அளவு உறுதியும் வேண்டியதில்லை.
நடுவே எங்கோ ஒரு மயிரிழை.
நீதிபதி அம்மா பதினொரு பக்கம் அதைத் தேடினார்.
பன்னிரண்டாம் பக்கத்தில்,
அழைப்பாணை அனுப்புக.

அடுத்த வாய்தாவுக்கு
மின்விசிறிக்குக் கீழே யாரும் உட்காரவில்லை.
டபேதார் கூப்பிட்டார். மூன்று முறை.
பெயரோடு 'சார்' சேர்க்காமல் கூப்பிட
அவருக்குத் தொண்டை இடறியது.
மூன்றாவது குரலுக்குக் கூண்டேறினார் எதிரி நான்கு.
மூவரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.
மேஸ்திரி, பழக்க தோஷம், கையைக் கட்டிக்கொண்டார்.

விடுபட்ட சாட்சிப்படி வாங்க
அன்று சென்னம்மாவும் வந்திருந்தாள்.
சிரிப்பாள் என்றுதான் சொன்னேன்.
சிரித்தாள்.
மீதியையும் சொல்லவேண்டியிருந்தது:
புது எதிரிக்கு விசாரணை புதிதாய்த் தொடங்கும்.
சாட்சிகளை மறுபடி கேட்பார்கள்,
முதலிலிருந்து.

"எல்லாமா?"
எல்லாம்.
"அண்ணா விழுந்ததுமா?"

தாள் மாற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு நீங்க அடிச்சது அழிஞ்சிடுமா?"
அழியாது. கோப்பில் இருக்கும்.
அவருக்கெதிராகப் பேசாது, அவ்வளவுதான்.

இரண்டரைக்கு இலவச பஸ்.
வாய்தாத் தேதியைக் கையில் எழுதித் தரச் சொன்னாள்.
உள்ளங்கையை நீட்டினாள்.
மாம்பால் தின்ற தோலில் மை பிடிக்கவில்லை.
இரண்டு தடவை எழுதவேண்டியிருந்தது.