வியாழக்கிழமை வண்டி

ரேஷன் கடை மிஷின் என் கட்டைவிரலை
மூன்று முறை மறுத்தது.
"துடைச்சிட்டு வைங்கக்கா" என்றான் தவசி.
முந்தானையில் துடைத்தேன்,
அவன் நீட்டிய சாக்கில் துடைத்தேன்.
ரேகைகளின் நடுவே காலிஃபிளவர் போல ஒரு மரு.
ஓடைத் தண்ணீர் பாறையைச் சுற்றிப் போவதுபோல்
ரேகையெல்லாம் அதை ஒதுங்கிப் போயிருந்தன.

குளத்தில் வெல்லம் போடு, கரையக் கரைய உதிரும் என்றாள்
செல்லம்பட்டி சொசைட்டியில் பால் அளக்கிற பவுனுத்தாய்.
போட்டேன். அரைக் கிலோ அச்சு வெல்லம்.
வெல்லம் கரைந்தது.
பக்கத்து விரலில் இன்னொன்று முளைத்தது.

கோரிப்பாளையத்தில், மாடியில்,
செருப்பை வெளியே விடச் சொல்லும் க்ளினிக்.
டோக்கன் இருபத்து மூன்று.
எனக்கு முன்னால் ஒரு கபடிப் பையன்,
உள்ளங்காலில் மரு, நொண்டிக்கொண்டு.
கழுத்தைத் துப்பட்டாவால் மூடிய ஒரு பெண்
முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருக்கு என்று
யாரிடமோ போனில் சண்டை.

டாக்டர் ஷமீமா என் கையைத் திருப்பித் திருப்பி
சந்தையில் கிடாய் எண்ணுவதுபோல் எண்ணினார்.
"ஏழு. ஒண்ணுக்கு முந்நூறு.
இந்தக் குட்டிக்குக் காசு வேணாம்."
கேனைத் தூக்கி வந்து மூடியைத் திறந்தார்கள்.
வெள்ளைப் புகை மேலே போகாமல்
மேஜை விளிம்பில் வழிந்து தரைக்கு இறங்கியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இந்தப் புகையைப் பதினோரு வருஷமாகத் தெரியும்.
என் ஸ்கூட்டியில், கால் வைக்கிற இடத்தில்
இதே கேன்தான்
உசிலம்பட்டிச் சாலைக் குழியெல்லாம் என்னோடு குதிக்கும்.
உள்ளே காங்கேயம் ஒன்று, ஜெர்சி இரண்டு,
வைக்கோல் தண்டளவு குழாய்களில் அசையாமல்.
அதில் ஒரு காளை செத்தே நாலு வருஷம்.

"எங்கே நிரப்புறீங்க டாக்டர்?"
"கப்பலூர்லேருந்து வண்டி வரும். வியாழக்கிழமை."
"எங்களுக்கும் அதே வண்டிதான்.
உங்களுக்கு ஊத்தின மிச்சம்தான் எங்க மாட்டுக்கு."
அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு
மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

சின்னத் துப்பாக்கி. புஸ்ஸென்று பத்து எண்ணும்வரை.
மரு வெளுத்தது, சுற்றிலும் சுண்ணாம்பு வளையம்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு எரிந்தது.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு சுடும் என்று
பயிற்சியில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான்.
"ஸ்ஸ்" என்றேன்.
மாட்டிடம் சொல்கிற அதே "ஸ்ஸ்",
நில்லு, ஆச்சு, அவ்வளவுதான்.
"உருகட்டும்" என்றார்.
உருகியதும் மறுபடி.

ராத்திரி விரலில் திராட்சைபோல் கொப்புளம்.
விடிகாலை நாலரைக்குக் கருமாத்தூர் ஒச்சப்பன் போன்:
"ஊசிக்காரம்மா, செவலை கத்துது, சீக்கிரம் வாங்க."
கையுறைக்குள் விரல் நுழைந்தபோது
நானும் கத்தினேன்.
செவலை திரும்பிப் பார்த்தது.
கேனைத் திறந்தேன். புகை.
இடுக்கியால் ஒரு குழாயை எடுத்து
வெதுவெதுத் தண்ணீரில் முப்பது நொடி விட்டேன்.
செத்த காளையின் நம்பர்.

பதினைந்தாம் நாள் கறுத்த தோல் உரிந்து விழுந்தது.
அடியில் எதுவும் எழுதாத இளஞ்சிவப்பு.
மிஷின் அதையும் மறுத்தது.
"அடுத்த மாசம் ரேகை வந்துரும்க்கா" என்றான் தவசி,
தானே வரைந்து தரப்போவதுபோல.
மோதிர விரலை வைத்தேன்.
பச்சை விளக்கு. பன்னிரண்டு கிலோ புழுங்கல்.

இருபத்தோராம் நாள் செவலை கத்தாமலிருந்தால் சினை.
இன்னும் ஏழு நாள்.