இடது கை, பையில்

முப்பத்தொரு படம் நடித்தார். ஒன்பதில் நான் இருந்தேன்.
தொடர்ச்சி பார்ப்பது என் வேலை.
காலையில் பாதி எரிந்த சிகரெட்
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும்
பாதிதான் எரிந்திருக்க வேண்டும்.
மடியில் தட்டச்சுப் பொறி, கழுத்தில் கடிகாரம்,
காலுறை வரைக்கும் பக்கிங்ஹாம்ஷயர்ச் சேறு.

எட்ரிக் வாம்ஸ்லி.
பர்ன்லி நெசவாலைக்காரியின் மூன்றாவது பிள்ளை.
ஏழு முறை பிரபு, ஐந்து முறை கப்பல் கேப்டன்,
இரண்டு முறை தூக்குமேடை.
லங்காஷயர் நாக்கை லண்டனில் காசு கொடுத்து
வெளுத்துக்கொண்டு வந்தவர்.
கோபம் வந்தால் மட்டும்
வெளுக்காத சொல் ஒன்று நழுவி விழும்.
கட். இன்னொரு டேக்.

பத்திரிகைகள் அந்தக் கையைத்தான் எழுதின:
கால்சட்டைப் பைக்குள் இடது கையை விட்டபடி
ஒரு சாம்ராஜ்யம் சரிவதை
வேடிக்கை பார்க்கத் தெரிந்த மனிதர்.
பையன்கள் கண்ணாடி முன் நின்று பழகினார்கள்.
அவருக்குப் பின் வந்த நாயகர்களில் பாதிப் பேர்
ஒற்றைக் கையோடுதான் காதலித்தார்கள்.

என் தாள்களில் இருப்பது வேறு.
காட்சி 14: இ. கை, பையில்.
காட்சி 15: தேநீரைப் பணிப்பெண் ஊற்றட்டும்.
காட்சி 22: கடிதம் மேசைமேலேயே இருக்கட்டும்.
யாரும் இப்படி எழுதச் சொல்லவில்லை.
நார்மண்டியில் ஒரு பள்ளத்தில்
இரண்டு நாள் மண்ணுக்குள் கிடந்த கை அது.
போர் முடிந்த சேதி
அதற்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

ஐம்பத்தாறு, பிப்ரவரி.
விளக்குச் சூட்டிலும் மூச்சு புகைந்த நாள்.
மகன் இறந்த தந்தி வரும் காட்சி, நான்காவது டேக்.
கையை வெளியே எடுத்தார்.
வசனத்தாளில் இல்லை, ஒத்திகையிலும் இல்லை.
அது நடுங்கியது.
வீட்டுக்குள் நுழைந்துவிட்ட தெருநாயைப் பார்ப்பதுபோல்
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
விரட்டவில்லை. கூப்பிடவும் இல்லை.
ஒலிப்பதிவாளர் பாப்ஜாய்
மூக்கை உறிஞ்சாமலிருக்கப் பாடுபட்டார்.
நான் கடிகாரத்தை நிறுத்தவில்லை.

இயக்குநர் குனிந்து கேட்டார்:
"முந்தைய ஷாட்டோடு ஒட்டுமா?"
ஒட்டாது. அதில் கை பையில்.
ஒட்டும் என்றேன்.
அப்படியே தட்டச்சும் செய்தேன்.

விருது அந்தப் படத்துக்கு வரவில்லை.
அடுத்ததற்கு வந்தது, அதில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார்.
கடைசி நாள் என் பொறிமேல் ஒரு சீட்டு இருந்தது,
இடது கையால் எழுதியது.
இன்றுவரை ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

வொர்திங்கில், எங்கள் முதியோர் இல்லத்தில்,
ஞாயிறு மதியம் அந்தப் படம் ஓடுகிறது.
கை பையில் இருக்கிறது;
அடுத்த நொடி, இல்லை.
பிஸ்கட் நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே
பக்கத்து நாற்காலி எனிட் ட்ரப்ஷா சொல்கிறாள்:
"பார்த்தாயா, எவளோ கோட்டை விட்டிருக்கிறாள்."

ஆமாம், என்கிறேன்.
எவளோ.