பதினேழாம் குழாய்

தார்த்துவில் அதிகாலை மூன்றரை, பனி.
புந்தா அரேனாஸில் முந்தைய இரவு பத்தரை,
டிசம்பர் வானம் இன்னும் முழுதாய் அணையவில்லை.
ம்பாலேயில் நப்விரே எழுந்து இஞ்சி நசுக்குகிறாள்.
மூன்று பேருக்கும் ஒரே தாள்.
தாள் என்பதும் பழக்கதோஷம்;
இதன் நுனி மடங்காது, தேநீர்க் கறை படியாது.

பச்சைக் கோடு லீலோ.
ஊதாக் கோடு எவரிஸ்தோ.
செம்மஞ்சள் வந்தால் அது நப்விரே,
தசமப் புள்ளிகள் நிமிர்ந்து உட்காரும்.
சதுப்பின் கரிமண் மூச்சுவிடுவதைப் பற்றிய கட்டுரை:
எவ்வளவு மீத்தேன், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில்.
நண்பகலுக்குள் அனுப்பியாக வேண்டும்.

மூவரும் ஒரே அறையில் இருந்ததில்லை.
எவரிஸ்தோவின் முகத்தைவிட
அவன் காற்புள்ளிகளை லீலோவுக்கு நன்றாகத் தெரியும்.
மூச்சு வாங்கும் இடமெல்லாம் ஒன்று வைப்பான்.

ஓரத்தில் குறிப்புகள்.
‘காட்டுகிறது’ என்பது அதிகம் — நப்விரே.
‘காட்டக்கூடும்’? — லீலோ.
‘காட்டக்கூடும் எனக் கருத இடமுண்டு’? — எவரிஸ்தோ.
அதற்குப் பேசாமல் தூங்கப் போகலாம் — நப்விரே.
‘தீர்ந்தது’ பொத்தானை யாரோ அழுத்த
நான்கு வரிச் சண்டை
சுவடில்லாமல் மடிந்துகொண்டது.
‘காட்டுகிறது’ அப்படியே நின்றது.

அப்புறம் அட்டவணை மூன்றைக் காணவில்லை.

தேடப்போன லீலோ
மாற்ற வரலாற்றைத் திறந்தாள்.
ஞாயிறு, சனி, வெள்ளி.
கரிமண்ணில் குழாய் இறக்குகிறவளுக்குத் தெரியும்,
ஆழம்தான் வயது,
அடியில் போனது எதுவும் லேசில் மக்காது.

வியாழன் 2:11. ஊதாவில் ஒரு வரி:
‘பதினேழாம் குழாயின் மூடியை, நான், சரியாகத் திருகவில்லை,
படகில் மூன்று மணி நேரம் திறந்துகிடந்தது.’
2:19. அதே வரி, குறுக்கே கோடு.

எட்டு நிமிடம்.
யார் திறந்திருந்தாலும் பார்த்திருக்கலாம்.
யாரும் திறக்கவில்லை.

பதினேழு சாதாரணக் குழாய் இல்லை.
படம் இரண்டில் எல்லாப் புள்ளிகளும்
கோட்டுக்குக் கட்டுப்பட்டு நடப்பதே
அதன் தைரியத்தில்தான்.

இப்போது ஊதாக் கோடு
நன்றியுரையில் நின்று துடிக்கிறது.
படகுக்காரர் பெயரை மூன்றாம் முறையாகத் திருத்துகிறான்.

லீலோ ஓரக் குறிப்பு ஒன்று தொடங்கினாள்:
எவரிஸ்தோ, அந்தக் குழாய்
அழித்தாள்.
பிறகு செய்முறைப் பகுதிக்குப் போய் நேராக எழுதினாள்:
‘பதினேழாம் குழாயின் மூடி சரியாகத் திருகப்படவில்லை;
கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.’

செயப்பாட்டு வினை.
படித்தவர்களின் பெரிய கம்பளி.
எத்தனை பேர் உள்ளே படுத்தாலும்
ஒரு கால்கூட வெளியே தெரியாது.

ஊதா நன்றியுரையை விட்டு மெல்ல மேலே ஏறி வந்தது.
‘திருகப்பட’ வரை அழித்தது.
‘நான்’ என்று வைத்தது, பக்கத்தில் ஒரு காற்புள்ளி.

அதுவரை சும்மா இருந்த செம்மஞ்சள்
அந்த ஒருமையைப் பன்மை ஆக்கியது.

அவர்கள் எழுதும் மொழியில்
‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல்.
படிக்கப்போகிறவரிடம் சொன்னாளா, அவனிடம் சொன்னாளா?
என் மொழியில் எழுதும்போது
இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

ஊதா மறுபடி ‘நான்’ என்றது.
செம்மஞ்சள் மறுபடி பன்மை.
ஓரத்தில்:
பதினேழு மட்டும் எப்படி இவ்வளவு அழகு என்று
கணக்குப் போட்டவள் கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை — நப்விரே.

‘தீர்ந்தது’ பொத்தானை
யாரும் அழுத்தவில்லை.

படம் இரண்டைத் திரும்ப வரைந்தார்கள்.
கோடு தளர்ந்து, ஒருக்களித்துப் படுத்தது.
‘காட்டுகிறது’ போய் ‘காட்டக்கூடும்’ வந்தது,
எதிர்ப்புக் குறிப்பு எதுவும் இல்லை.
தார்த்துவில் பனியள்ளும் வண்டி
முதல் தெருவைத் திறந்தது.
மூன்று கோடுகளும் ஒரே பத்தியில்
கொஞ்ச நேரம் எதுவும் எழுதாமல் இருந்தன.

அட்டவணை மூன்று
இன்னும் கிடைக்கவில்லை.