நாலரைக்குள்

ராத்திரி இல்லாத ஒரு வெள்ளைக் கட்டடம்
விடிந்தால் ரோஸோ துறையில் நிற்கிறது.
எங்கள் தேவாலயக் கோபுரம்
அதன் இடுப்புக்குக்கூட எட்டாது.

கம்பிவேலிக்கு உள்ளே ஹெஸ்கித், என் புருஷன்.
கப்பல்காரர்களின் ஒப்பந்த பஸ், ஏசி,
பையின்மேல் பெயர் தைத்த சட்டை.
வேலிக்கு வெளியே நான்.
பதினொரு பேர் வேன். கையில் அட்டை:
அருவி, கந்தக ஊற்று, முப்பது டாலர்.
அட்டைக்கு பிளாஸ்டிக் உறை;
இந்தத் தீவில் மழை சொல்லிக்கொண்டு வராது.

மார்பில் எண் ஒட்டியவர்கள்
வரிசையாக பஸ்ஸுக்குப் போகிறார்கள்.
எண் இல்லாதவர்கள் வேலி தாண்டி நின்று
மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
எங்கள் முகங்களைப் பார்க்கிறார்கள்.

அதே அருவியா?
அதேதான்.
கப்பலில் எண்பத்தொன்பது சொன்னார்களே?
தண்ணீருக்கு அது தெரியாது, அம்மா.
நேரத்துக்குத் திரும்பாவிட்டால்?

சுற்றி வளைத்துக் கேட்பதெல்லாம் இதற்குத்தான்.
பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும்.
நான் தாமதித்தால் காத்திருக்காது.
சொல்லிவிடுவேன்.
பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.
வியாபாரம் தெரியாதவள் என்பான் ஹெஸ்கித்,
சோற்றைப் பிசைந்துகொண்டே.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏறியது இரண்டே பேர்.
ஹாலிஃபாக்ஸ்காரி மேரியன், ஒரு முழங்கால் உலோகம்.
அவள் தம்பி, எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான்
அதன் பெயரைக் கேட்பவர்.
ஓஸ்லின் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன்.
பிளந்த ஜாதிக்காய், அதைச் சுற்றிச் சிவந்த பத்திரி.
மூக்கோடு வைத்துக்கொண்டு விலை கேட்டார்.
விலையெல்லாம் இல்லை என்றாள் ஓஸ்லின்.
பிறகு கொஞ்சம் யோசித்து, ஒரு டாலர் என்றாள்.

அருவியில் ஹெஸ்கித்தின் நாற்பது பேர்
முறைவைத்துப் படம் எடுத்தார்கள்.
எங்களுக்குள் பேச்சில்லை.
வெளி ஓட்டுநர்களோடு பேசக்கூடாதென்பது ஒப்பந்தம்.
கட்டில் ஒன்றுதான் என்பது
ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

மூன்று மணிக்கு மலை இறங்கி வந்தது,
ஒரு முழு மாமரத்தைத் தூக்கிக்கொண்டு.
சாலை இருந்த இடத்தில் சிவப்புச் சேறு.
பஸ்ஸும் வேனும் இந்தப் பக்கம்.
கடல் அந்தப் பக்கம்.

ரேடியோவில் அனுமதி வந்தது: கப்பல் நிற்கும்.
இயந்திரம் வந்து ஒரு தடம் வெட்டும்வரை உட்காருங்கள்.
நாற்பது பேரும் இருக்கையைச் சாய்த்துக்கொண்டார்கள்.
எனக்கு ரேடியோ இல்லை.
மேரியன் தன் முழங்காலையும் சேற்றையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
முப்பதும் முப்பதும் அறுபது;
அறுபது டாலருக்கு இரண்டு பேரைத்
தீவில் தொலைத்தவள் நான்.

ரேடியோ கேட்டது: மொத்தம் எத்தனை பேர்?
ஹெஸ்கித் கண்ணாடி வழியே என்னைப் பார்க்கவில்லை.
நாற்பத்திரண்டு, என்றான்.

பிறகு இறங்கி வந்தான், மழையில்,
உருளையிலிருந்து இரண்டு எண்களைக் கிழித்துக்கொண்டு.
மேரியன் அதைக் கோணலாக ஒட்டிக்கொண்டாள்.
தம்பி அதையும் முகர்ந்து பார்த்தார்.

அகலமான தடம் அந்த ஒரு பஸ்ஸுக்குத்தான்.
அது போனதும் மறுபடி சரிந்துவிட்டது.
ஏழு மணிக்குக் கப்பல் விளக்கோடு நகர்வதை
வேனுக்குள் இருந்து பார்த்தேன்,
இரண்டு வாழைப்பழங்களும் நானும்.

வீடு வந்தபோது பதினொன்று.
கப்பலின் பட்டியலும் அவன் கணக்கும் ஒத்துப்போகவில்லை;
இரண்டு நாள் கூலி பிடித்திருக்கிறார்கள்.
வியாபாரம் தெரியாதவன், என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி
சேறு படாமல் பார்த்து மாட்டினான்,
வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் அது.

வெள்ளிக்கிழமை வேறொரு கட்டடம்.
வேலி, அட்டை, செவுளைப் பார்க்கும் கண்கள்.
நேரத்துக்குத் திரும்பாவிட்டால்? என்று ஒருவர் கேட்டார்.
நாற்பத்திரண்டைச் சொல்லியிருக்கலாம்.
வேலிக்கு உள்ளே ஒருதரம் பார்த்தேன்.
காத்திருக்காது, என்றேன்.
பாதிப் பேர் போய்விட்டார்கள்.